அம்மா 'வேலை' என்று எண்ணாத வேலைகள்: ஒரு நாள் முழுக்க எழுதிப் பார்த்தேன்

கரைமணல் (இழையைத் தொடங்கியவர்)

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே சுற்றினேன். எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை அம்மா செய்வதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதுவது என்று முடிவு. முதலில் அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. "என்னடா இது, சிஐடி மாதிரி பின்னாலயே வர்ற?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டார்.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன்: "இன்னைக்கு என்னென்ன வேலை பார்த்தே?"

விரல் விட்டு எண்ணினார். சமையல், பாத்திரம், துணி, வீடு பெருக்கினது, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தது. "அவ்வளவுதான்டா. லீவு நாள்தானே, இன்னைக்கு வேலை கம்மி."

என் நோட்டில் 61 வரி இருந்தது.

எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன். 22ஆவது வரி: என் சட்டைப் பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் போடுகிற எனக்கே அது தெரியாது. மடிக்கும்போது அம்மா பார்த்துவிட்டார். சித்தியிடம் போனில் பேசிக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அதைத் தைத்து முடித்தார். சித்தி பெண்ணுக்குப் பரீட்சை முடிவு வரும் நாள் அது. அதை நினைவு வைத்துக் கூப்பிட்டதும் அம்மாதான். அந்த போனைத் தனி வரியாகப் போட்டேன்.

37ஆவது வரி இன்னும் என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மா அலமாரியைத் திறந்து அரை நிமிடம் சும்மா நின்றார். எதையும் எடுக்கவில்லை, வைக்கவில்லை. மூடிவிட்டு வந்தார். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல. சோப்பு இன்னும் நாலு நாளைக்கு வரும்னு பார்த்தேன்."

இதை வேலை என்று எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்து, எழுதினேன்.

என் கேள்வி இதுதான். இந்த 61 வரிக்கும் ஒரு மகன் எப்படி மரியாதை செய்வது? "நன்றிம்மா" என்றால் யாரோ மூன்றாம் மனுஷியிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது. அம்மாவும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

---

தேன்சிட்டு

37ஆவது வரியைப் படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன்.

எனக்கு ரெண்டு குழந்தைங்க. பெரியவளுக்கு நாலு வயசு, சின்னவனுக்கு ஏழு மாசம். அவன் பிறந்த புதுசுல ஒரு நாளைக்கு 8லேருந்து 12 தடவை பால் குடுக்கணும். ஒரு தடவைக்கு அரை மணின்னு வெச்சாலே நாலுலேருந்து ஆறு மணி நேரம். அதுவும் சேர்ந்தாப்புல இல்ல, ராத்திரி பகல் பாராம துண்டு துண்டா. அந்த மாதிரி ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "நாள் முழுக்க வீட்லதானே இருக்கே, கொஞ்சம் ஒதுங்க வெச்சிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டார். அழுகைகூட வரல. அவ்வளவு அசதி.

ஆனா உடம்பு படற பாடு பரவாயில்ல அண்ணா. அது கண்ணுக்குத் தெரியும். உங்க அம்மா அலமாரி முன்னாடி நின்னதை நான் படுக்கையில செய்றேன். லைட்டை அணைச்சப்புறம் வரிசையா வரும். சின்னவனுக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி. பெரியவளுக்கு ஷூ இடிக்குது, ரெண்டு நாளா கட்டை விரலை மடக்கி நடக்கிறா. நகம் வெட்டணும், அவ தூங்கினப்புறம்தான் முடியும். பார்க்கிறவங்களுக்கு நான் படுத்திருக்கேன்.

என் வீட்டுக்காரர் நல்லவர். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்"னு மனசாரச் சொல்வார், செய்யவும் செய்வார். ஆனா எதைச் செய்யணும், எப்போ செய்யணும், செஞ்சாச்சான்னு பார்த்துச் சொல்றதும் ஒரு வேலைங்கிறதை அவருக்கு இன்னும் புரியவைக்க முடியல.

---

நூற்கண்டு

கரைமணல், நீங்கள் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தீர்களே, அதே கேள்வியைப் பொருளாதாரம் படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் அந்தப் பாடம் நடத்துபவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1934இல் மார்கரெட் ரீட் என்ற பொருளாதார அறிஞர் ஓர் எளிய அளவுகோல் கொடுத்தார். வீட்டுக்குள் நடக்கிற ஒரு காரியத்தை, கூலி கொடுத்து மூன்றாவது ஆள் ஒருவரைச் செய்ய வைக்க முடியுமா? முடியும் என்றால் அது உழைப்பு. சாப்பிடுவது உழைப்பு அல்ல, உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் சாப்பிட முடியாது. சமைப்பது உழைப்பு. இந்தக் கோலை வைத்தால் உங்கள் அம்மாவின் 61 வரியில் பெரும்பாலானவை தேறிவிடும்.

ஆனாலும் நாட்டின் வருமானக் கணக்கில் இவை ஏறுவதில்லை. ஒருவர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையே திருமணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று 1920இலேயே பிகூ என்ற பொருளாதார அறிஞர் எழுதினார். அதே வேலை, அதே கைகள். சம்பளம் நின்றதும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. இன்றும் தேசியக் கணக்குகளுக்கான உலகப் பொது விதி அதுதான். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சமைத்தால் கணக்கில் வரும். தாய் சமைத்தால் வராது.

அளவு எவ்வளவு என்று பார்க்க, மக்கள் ஒரு நாளில் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று எழுதி வாங்கும் நேரக் கணக்கெடுப்புகளை, 64 நாடுகளிலிருந்து பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் சேர்த்துப் பார்த்தது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்கு ஒரு நாளில் 1,640 கோடி மணி நேரம் போகிறது. 200 கோடிப் பேர் தினம் 8 மணி நேரம் கூலியில்லாமல் வேலை செய்வதற்குச் சமம். அதில் 76.2 சதவீதம் பெண்கள் செய்வது. சராசரியாகப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடம், ஆணுக்கு 1 மணி 23 நிமிடம்.

இந்தக் கணக்கெடுப்புகளிலும் 37ஆவது வரி பெரும்பாலும் விழாது. கையில் என்ன வேலை இருந்தது என்றுதான் நேரக் குறிப்பேடு கேட்கும், மனத்தில் என்ன ஓடியது என்று கேட்காது. 2019இல் ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளை உட்கார வைத்துப் பேசி, அந்த மனவேலையை நான்காகப் பிரித்தார்: வரப்போகும் தேவையை முன்கூட்டி உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் பெரும்பாலும் இருவரும் பங்கெடுத்தார்கள். முதலாவதும் கடைசியும்தான் பெண்கள் தலையில் அதிகமாக விழுந்தன. "சோப்பு நாலு நாளைக்கு வரும்" என்பது முதலாவது. "செஞ்சாச்சான்னு பார்க்கிறது" என்று தேன்சிட்டு எழுதியது நான்காவது.

---

கல்தூண்

மன்னிக்கணும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு தாய் செய்வதை மணி நேரமாகவும் கூலியாகவும் பிரிப்பது மனசுக்கு ஒப்பவில்லை. என் அம்மா எங்கள் நாலு பேரையும் வளர்த்தபோது எதையும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருந்தால் அது தாய்மையே இல்லை. அன்பால் செய்ததற்குக் கணக்கு எழுதினால் அந்த அன்பைச் சிறுமைப்படுத்துகிறோம். தாயைத் தெய்வமாக வைத்து வணங்கினால் போதாதா? கணக்கு எதற்கு?

---

விடிவெள்ளி

கல்தூண் தம்பி, உங்க அம்மா வயசுதான் எனக்கு இருக்கும். அறுபத்தி ரெண்டு. கோபமா எழுதல, நிதானமாப் படிங்க.

என் பிள்ளைங்க மூணு பேரும் என்னைத் தெய்வம்னுதான் சொல்வாங்க. கேட்கச் சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா தெய்வத்துக்கு முட்டி வலிக்கும்னு யாருக்கும் தோணாதுப்பா. வலிக்குதுன்னு சொல்ல எனக்கே வாய் வரல. சொன்னா அந்த இடத்துலேருந்து இறங்கிடுவோமோன்னு ஒரு பயம். பத்து வருஷம் அப்படியே ஓட்டினேன். டாக்டர்கிட்ட போனப்போ, "ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?"ன்னார்.

அன்பு வேற, வேலை வேற. ரெண்டும் ஒரே கையில இருக்கறதால ஒண்ணுன்னு நினைச்சுடறோம். என் மகளுக்குத் தலை பின்னி விடறது எனக்கு உயிர். காலையில எவ்வளவு அவசரம்னாலும் அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். அவ கதை கதையாப் பேசுவா, நான் பின்னிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். கல்யாணமாகிப் போனப்புறம் ஏங்கிப் போனது அதுக்குத்தான். பாத்திரம் தேய்க்கறதுக்கு ஒரு நாளும் ஏங்கினதில்ல.

இன்னொண்ணு சொல்றேன். சமைக்கறதைவிடக் கஷ்டம் எது தெரியுமா? "இன்னைக்கு என்ன சமைக்கட்டும்?"னு கேட்டா, ஆளாளுக்கு "எதாச்சும் செய்ம்மா"ன்னுட்டுப் போறது. நாப்பது வருஷமா, ஒரு நாள்கூட விடாம, நாளைக்கு என்னங்கிறதை நான் ஒருத்திதான் யோசிச்சிருக்கேன். யாருக்கு எது ஆகாது, யாருக்கு வயிறு சரியில்ல, எது மிச்சம் இருக்கு, எது நாளைக்குள்ள கெட்டுப் போயிடும்னு எல்லாம் பார்த்து ஒரு முடிவுக்கு வரணும். யாராவது ஒருத்தர் "நாளைக்கு இதைச் செய்யலாம், நான் வாங்கிட்டு வரேன்"னு சொல்லியிருந்தா, அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

---

நூற்கண்டு

விடிவெள்ளி அம்மா சொன்னதுக்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. கல்தூண் அண்ணனுக்கு ஒன்றே ஒன்று.

1975 அக்டோபர் 24ஆம் தேதி ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 90 சதவீதம் பெண்கள் ஒரு நாள் முழுக்க வேலையை நிறுத்தினார்கள். அலுவலக வேலை மட்டுமில்லை, சமையல், துணி, குழந்தை பார்ப்பது எல்லாமே. பள்ளிகளும் கடைகளும் ஆலைகளும் மூடின, அல்லது தட்டுத் தடுமாறி நடந்தன. வேறு வழியில்லாமல் ஆண்கள் குழந்தைகளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஆண் பெண் சம உரிமைச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் பின்போகடோட்டிர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்றைக்கு அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் குறைந்து போகவில்லை. வேலை மட்டும்தான் நின்றது. இரண்டும் வேறு என்பதை ஒரு நாடே ஒரே நாளில் பார்த்தது.

---

தாழை

அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை கொடுத்தால் போதும் என்று இருக்கிறவர்களுக்காக ஒரு தகவல். அந்த நாளைக் கொண்டுவரப் பாடுபட்டவர் அமெரிக்காவின் ஆன்னா ஜார்விஸ். 1905இல் அவருடைய அம்மா இறந்தார். 1908இல் அவர் நினைவாக ஒரு வழிபாடு நடத்தினார். 1914இல் அது அரசு அறிவித்த நாளாயிற்று. அதற்குப் பிறகு வாழ்க்கையில் பெரும்பகுதியை, பூக்கடைக்காரர்களும் அட்டைக்காரர்களும் அந்த நாளை வியாபாரமாக்குவதை எதிர்த்தே செலவழித்தார். 1948இல் இறந்தார்.

அவர் பிடிவாதமாக நின்ற ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்றார். தாய்மார் எல்லோருக்கும் பொதுவான நாள் இல்லை, அவரவர் தன் ஒரு தாயை நினைக்கிற நாள் என்பது அவர் எண்ணம். தமிழில் நாம் 'அன்னையர்' என்று பன்மையில் வைத்துவிட்டோம். 'அன்னையர்' என்றதும் மேடைப் பேச்சு வந்துவிடுகிறது. 'என் அம்மா' என்றால் பொத்தானும் சோப்பும் நினைவுக்கு வருகின்றன. கரைமணல் செய்தது இரண்டாவது.

---

ஓடக்காரன்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்துவிட்டோம். வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பாடும் நடக்கிறது. நூற்கண்டு சொன்ன அந்த மூன்றாவது ஆள் வந்து எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போகிறார்.

ஆனால் எனக்கும் அக்காவுக்கும் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. முன்னே வாரத்தில் மூன்று நாள் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் பையனுக்குக் காய்ச்சல், அவள் ஆபீஸில் ஒரு பிரச்சினை, "நீ ஒரு வார்த்தை கேளு, உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கா" என்று அம்மா சொல்வார். நானும் கூப்பிடுவேன். நாங்களாகவே ஒட்டுதலாக இருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். இழுத்துக் கட்டியிருந்தது அம்மா என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் அக்காவிடமும் இதையே சொல்லியிருக்கிறார்: "தம்பி உன்னையே கேட்டுக்கிட்டிருந்தான்." நான் கேட்டிருக்க மாட்டேன்.

உங்கள் அம்மா சித்தியைக் கூப்பிட்டதைத் தனி வரியாகப் போட்டீர்களே, அதற்காகத்தான் இதை எழுதினேன். நல்லவேளை போட்டீர்கள்.

---

நூற்கண்டு

ஓடக்காரன், உங்கள் அம்மா செய்ததற்கு மானுடவியலில் பெயரே இருக்கிறது. 1987இல் மிக்கேலா டி லியோனார்டோ அதை 'உறவு வேலை' என்று பெயரிட்டு எழுதினார். தனித்தனி வீடுகளில் இருக்கிற சொந்தங்களை ஒட்ட வைத்திருப்பது ஒரு தனி உழைப்பு, அதைப் பெண்களே செய்கிறார்கள் என்று காட்டினார்.

இதைவிட முக்கியமானது, இன்றைக்கு உங்கள் அக்காவைக் கூப்பிடுங்கள்.

---

மகளின்அப்பா

சுருக்கமாக ஒன்று. மகளுக்கு மூன்று வயதிலிருந்து நான் தனியாக வளர்க்கிறேன். இப்போது ஒன்பது. தாய்க்குத்தான் இதெல்லாம் இயல்பாக வரும், ஆணுக்கு வராது என்று நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் வருஷம் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை என்பது உண்மை. வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்றான பிறகு எல்லாம் படத் தொடங்கியது. இப்போது அவள் ஷூ இடிக்கிறதா என்பதை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பழகினால் வரும். தாய்மார்களும் பழகித்தான் கற்றிருப்பார்கள்.

---

கல்தூண்

எல்லோருடைய பதிவையும் படித்தேன். கூலிக் கணக்கு விஷயத்தில் என் கருத்து இன்னும் மாறவில்லை. ஆனால் விடிவெள்ளி அம்மா எழுதியது உறுத்தியது. நேற்று அம்மாவுக்கு போன் போட்டு, "முட்டி வலி இருக்காம்மா?" என்று நேராகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "முட்டி இல்லடா, தோள்தான். ஆறு மாசமா கையைத் தூக்க முடியல" என்றார்.

சனிக்கிழமை போகிறேன். டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இதை என் தம்பி தங்கைகளுக்கும் சொல்லிவிட்டேன்.

---

விடிவெள்ளி

நல்லதுப்பா. போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாம் எங்க இருக்குன்னு அவங்களைத் தேட விடாம, நீங்களே எடுத்து ஒரு ஃபைல்ல போட்டுக்குங்க. தோள் வலியோட மேல் தட்டுலேருந்து இறக்க வேணாம்.

---

கரைமணல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேன்சிட்டும் நூற்கண்டும் சொன்னதை வைத்து ஒன்று செய்து பார்த்தேன்.

'உதவி' என்ற சொல்லை விட்டுவிட்டேன். 61 வரியில் ஒன்றை எடுத்து, முன்கூட்டி உணர்வதிலிருந்து கண்காணிப்பது வரை முழுசாக என்னுடையதாக்கிக்கொண்டேன். அப்பாவின் மாத்திரை. அப்பாவுக்கு ஐந்து மாத்திரை. சாப்பாட்டுக்கு முன் இரண்டு, பின் இரண்டு, ராத்திரி ஒன்று. ஐந்தும் ஒரே நாளில் தீராது. எது எப்போது தீரும், மருந்துச் சீட்டு எதுவரைக்கும் செல்லும், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்பதெல்லாம் அம்மா தலைக்குள் இருந்தது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

முதல் வாரம் நான் செய்தது வேலைக்கே ஆகவில்லை. "அம்மா, சர்க்கரை மாத்திரை எத்தனை இருக்கு?", "அம்மா, சீட்டு எங்கே?", "அம்மா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று நாளுக்கு நாலு தடவை கேட்டேன். வியாழக்கிழமை அம்மா சொன்னார்: "நானே பார்த்துக்கறேன்டா, எனக்கு இதுவே சுலபம்." கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அன்று ராத்திரி எல்லா அட்டையையும் மேசையில் கொட்டி எண்ணி, ஒவ்வொன்றும் தீரும் தேதியைக் காலண்டரில் குறித்தேன். டாக்டருக்கு நானே போன் செய்து முன்னே பின்னே என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன். மேசையைச் சுத்தமாக்கி முடிக்கப் பதினொன்று ஆகிவிட்டது.

இரண்டாவது வாரம், புதன்கிழமை காலையில் அம்மா கேட்டார்: "பிரஷர் மாத்திரை நாளையோட தீருதே, வாங்கினியா?" முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். காட்டினேன். அட்டையைக் கையில் வாங்கி, பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வாரம் இரண்டு மாத்திரை தீர்ந்தது. அம்மா கேட்கவில்லை.